நாலு கண் குச்சி

சுருளிப்பட்டித் தோட்டத்தில் கவாத்து முடித்து
வரப்பில் எறிந்திருந்த குச்சிகளில் ஒன்றை
எடுத்து வந்தேன்.
எரிக்கப் போவதைத்தானே எடுத்தேன்,
களவு என்று யார் சொல்வார்கள்.
நாலு கண் இருந்தது அதில்.
இரண்டை மண்ணுக்குக் கொடுத்தேன்
இரண்டை வெயிலுக்கு விட்டேன்.
எது மேல், எது கீழ் என்று சந்தேகம் வந்து
ராத்திரி டார்ச் அடித்துப் பிடுங்கி
மறுபடியும் அதே மாதிரி நட்டேன்.

நாலரைக்குக் கம்பத்தில் வண்டி எடுத்தால்
பதின்மூன்று பெண்கள், பதின்மூன்று தூக்குச்சட்டி.
கம்பம்மெட்டு வளைவுகளில்
ஒருவர் தோளில் ஒருவர் தூக்கம் சாய்த்து
மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காட்டில் இறங்குவார்கள்.
அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான்
என் கொடி வளர்ந்தது.
கடலைப்புண்ணாக்கு ஊறப்போடுங்க, என்றது முன்சீட்டு.
மீன் கழுவுன தண்ணி, என்றாள் லூர்து.
பக்கக் கிளையெல்லாம் கிள்ளி எறிங்க,
ஒத்தைத் தண்டா ஏறணும் பந்தலுக்கு.
இலையில் சாம்பல் பூத்தபோது
கந்தகத்தூளைப் பழைய வேட்டியில் முடிந்து
தட்டித் தட்டி விட்டேன்.
மூன்று நாள் என் சட்டையில்
தீப்பெட்டி வாசம்.

ஏறியது. எல்லாம் ஏறியது.
பந்தலை மூடி, குளியலறைத் தகரத்தை மூடி,
கொடிக்கம்பியில் காய்ந்த பனியனைச் சுற்றி.
இரண்டு வருடம்
இலை, இலை, இலை.
ஒரு பூ இல்லை.

வெட்டாம எப்படிக் காய்க்கும், என்றாள் விருமாயி.
ஏலக்காட்டுக் கூலிக்கு மாறும் முன்
ஆறு வருடம் திராட்சைக்குக் கத்தரி பிடித்தவள்.
பார்த்துக்கலாம், என்றேன்.
எனக்கு மனசு வரவில்லை.

மார்கழி கடைசி ஞாயிறு
அவளுக்கு டீ வாங்கப் போனேன்.
திரும்பி வந்தால்
பந்தல் இருந்த இடத்தில் வானம்.
காலடியில் முழங்கால் உயரம் தழை.
ஒவ்வொரு கிளையிலும் நாலைந்து கண் மட்டும் மிச்சம்.
வெட்டு வாயெல்லாம்
சொட்டுச் சொட்டாய் நீர்.
அழுவுதுன்னு நெனைக்காதீங்க,
வேர் தண்ணி ஏத்துது, அம்புட்டுத்தான்,
என்று டீயை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் அவள் நிற்கும் முக்கில்
பத்தடி தள்ளித்தான் பிரேக் பிடித்தேன்.
தூக்குச்சட்டியோடு ஓடி வந்து ஏறினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
நானும்.

பன்னிரண்டாம் நாள்
கண்ணில் பஞ்சு.
பஞ்சுக்குள் இளஞ்சிவப்பு.
பிறகு கடுகு மாதிரி, மிளகு மாதிரி,
கறுக்கத் தொடங்கியதும்
கொண்டைக்குருவிகள் எனக்கு முன்னால் எழுந்தன.
மனைவியின் நைலான் புடவையைக் கட்டினேன்.
அவள் எதைக் கேட்டாலும்
அந்தப் புடவையில்தான் பேச்சைத் தொடங்கினாள்.

பதினொரு குலை.
ஒன்று குருவிக்கு, ஒன்று அழுகல்,
இரண்டு வீட்டுக்கு.
மிச்ச ஏழையும் வாளியில் வைத்து
முன்சீட்டில் உட்கார வைத்தேன்.

செக்போஸ்டில் ஜீப்புக்குள் தலையை நீட்டிய போலீஸ்காரர்
முந்திரியாணோ, என்றார்.
முந்திரி இல்ல சார், திராட்சை, என்றாள் லூர்து.
அதுதன்னே, முந்திரி.
முந்திரின்னா கொட்டை சார், பாயசத்துல போடுவாங்களே.
பின்னால் லாரி ஆரன் அடித்தது.
அவர் நாலு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு
முந்திரி, என்று மறுபடி சொல்லி
கையசைத்து விட்டார்.
வண்டியே சிரித்தது,
மூன்று வளைவு வரை.

விருமாயி மட்டும் மென்றுகொண்டே இருந்தாள்.
புளிக்குது. கடைசி வாரம் தண்ணிய நிறுத்தலையா?
நிறுத்தவில்லை.
கருணை என்று நினைத்து
ஒரு குடம் கூடவே ஊற்றியிருந்தேன்.
விரல் மடக்கி நாள் எண்ணினாள்,
ஒரு மாசம் போகட்டும், என்றாள்.

கத்தரி வாங்கிவிட்டேன், உத்தமபாளையத்தில்.
சிவப்புப் பிடி.
இரண்டு குச்சியை வெட்டியும் பார்த்தேன்,
வேலியில் கிடந்த கிளுவையில்.
கொடிப் பக்கம் போகவில்லை இன்னும்.